ஹெச்-இண்டெக்ஸ், இனிஷியல், பாரஃபின் பிளாக்: கேள்வி பதில்

(மூலக்கூறு நோயியலில் கட்டுரை எழுதுறவங்க கேட்டதும் அதுக்கான பதிலும்)

கோவை, முதுநிலை மாணவி: எங்க வழிகாட்டிக்கு கூகுள் ஸ்காலர்ல ஹெச்-இண்டெக்ஸ் 19, ஸ்கோபஸ் கட்டுரைத் தரவுத்தளத்துல 12. எதுங்க சரி?

ரெண்டும் சரிதாங்க. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல சொன்ன கணக்கு இது: எத்தனை கட்டுரைக்கு, ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது அத்தனை மேற்கோள் வந்திருக்குன்னு பார்க்கறது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழே அடுக்குங்க: 40, 12, 6, 4, 1. நாலாவதுக்கு நாலு இருக்கு, அஞ்சாவதுக்கு அஞ்சு இல்லை. அதனால 4. அந்த 40 நாளைக்கு 4000 ஆனாலும் 4-தான். ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்புன்னு கண்ணுல படறதெல்லாம் எண்ணும். ஸ்கோபஸ் தான் சேர்த்துக்கிட்ட வெளியீடுகளுக்குள்ள மட்டும் எண்ணும். எந்தத் தளம், எந்தத் தேதின்னு எழுதாத எண் செல்லாது.

ஈரோடு: ஸ்கோபஸ்ல எனக்கு மூணு ஆசிரியர் ஐடி இருக்குதுங்க. ஒரு கட்டுரை எங்கப்பா பேர்லயே கிடக்குது.

நம்ம பக்கத்துப் பேருக்கு இது வழக்கமா வர்ற வில்லங்கம். இனிஷியலை விரிச்சு 'செந்தில்குமார் பழனிசாமி'ன்னு அனுப்புனா, கடைசிச் சொல்லைக் குடும்பப் பேர்னு எடுத்துக்கிட்டு 'பழனிசாமி எஸ்'னு பதிஞ்சுருவாங்க. அடுத்த கட்டுரையில 'பி. செந்தில்குமார்'னு போட்டா அது வேற ஆள். முதல்ல ஒரே வடிவத்தை முடிவு பண்ணிக்குங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் அதையே வெச்சுக்குங்க. ஆய்வாளருக்குன்னே தர்ற 16 இலக்க அடையாள எண்ணான ஆர்சிட் வாங்கி, கட்டுரை அனுப்பும்போதே கொடுங்க. ஸ்கோபஸ்ல ஆசிரியர் திருத்தக் கோரிக்கை போட்டு மூணையும் இணைக்கச் சொல்லுங்க. ஸ்காலர்ல 'தானாகச் சேர்' வசதியை அணைச்சிருங்க. இல்லாட்டி வேறொரு செந்தில்குமாரோட நெல் பூச்சிக் கட்டுரை உங்க கணக்குல ஏறும். நேர்காணல்ல அதைக் கேட்டா முழிக்கணும்.

நாமக்கல்: 48 மணி நேரத்துல ஏத்துக்கிறோம், பணம் கட்டுங்கன்னு மெயில் வந்துருக்குது.

கட்டாதீங்க. 48 மணி நேரத்துல எந்த மதிப்பாய்வாளர் படிப்பார்? இதழ் பேர் ஸ்கோபஸ் பட்டியல்ல இருந்தாலும் சேர்க்கை நிறுத்தப்பட்டதான்னு பாருங்க. நல்ல இதழோட பேர்ல போலித் தளமும் நடக்குது.

சேலம்: நூறு பேர் கூட்டுக் கட்டுரையில அறுபதாவது ஆளா இருந்து, ஆயிரக்கணக்குல மேற்கோள் வாங்குனவரையும் தனியா எழுதுனவரையும் ஒரே தராசுல வைக்கலாமா?

வைக்கக் கூடாது. ஹெச்-இண்டெக்ஸ் ஆசிரியர் வரிசையைப் பார்க்காது.

திருப்பூர் (குறுக்கிட்டு): அப்ப, சாம்பிள் கொடுத்த நோயியலாளர் சும்மாங்களா?

சும்மான்னு யார் சொன்னது? கட்டியை வெட்டி எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள 10 சதவீத நடுநிலை ஃபார்மலின்ல போடணும். மார்பகக் கட்டின்னா 6-லிருந்து 72 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். அதுல ஊறிக்கிட்டே கிடந்தா டிஎன்ஏ துண்டு துண்டாயிரும். 400 கார இணை நீளத்துக்கு பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கற முறை) போட்டா ஒண்ணும் வராது, 150-க்குக் கீழே வெச்சாத்தான் வரும். அதுபோக ஃபார்மலினால டிஎன்ஏ எழுத்துல ஒண்ணான சைட்டோசின் யூராசிலா மாறும். வரிசை படிக்கும்போது அது தைமினாத் தெரியும். இல்லாத திரிபை இருக்குதுன்னு எழுதி வெப்பீங்க. யூராசில் டிஎன்ஏ கிளைகோசிலேஸ்ங்கற நொதியைப் போட்டா இது பெருமளவு குறையும். கட்டித் துண்டை மெழுகுல பதிச்ச பாரஃபின் பிளாக்கை ஒழுங்கா வெச்சிருந்தவர் பங்கு பெரிசுதான். ஆனா அது தெரியறது 14 பிரிவுல யார் என்ன செஞ்சாங்கன்னு எழுதற பங்களிப்புக் குறிப்புல, ஹெச்-இண்டெக்ஸ்ல இல்லை.

சேலம்: அந்தக் குறிப்பை எந்தத் தேர்வுக் குழு படிக்குது?

படிக்கறது குறைவுதான். விண்ணப்பத்துல நீங்களே ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் ஒரு வரி எழுதுங்க.

கரூர்: நல்ல கட்டுரைக்குத்தானே மேற்கோள் அதிகம்?

1951-ல லௌரி குழு எழுதுன புரத அளவு முறை, 2001-ல லிவாக்கும் ஷ்மிட்ஜெனும் எழுதுன, பிசிஆர் வழியா மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடற டெல்டா-டெல்டா-சிடி கணக்கு. மேற்கோள்ல மலையா நிக்கறது இந்த மாதிரிக் கட்டுரைங்க. ரெண்டும் செய்முறை; நோயைப் பத்தின கண்டுபிடிப்பு இல்லை.

தாராபுரம்: இம்பாக்ட் ஃபாக்டர் (ஒரு இதழோட கட்டுரைக்குச் சராசரியா வர்ற மேற்கோள்) 500 தாண்டுன இதழ் இருக்குதாமே?

'சிஏ' புற்றுநோய் இதழ், 2021-ல வந்த கணக்குல. வருசா வருசம் அது போடற புற்றுநோய்ப் புள்ளிவிவரத்தை எல்லாரும் காட்டறாங்க. அதுல வர்ற மத்த கட்டுரைக்கு அந்த 500 சொந்தமில்லை.

கோபி, உடுமலை, பெருந்துறை: ஹெச்-இண்டெக்ஸ் எத்தனை இருந்தா போதும்?

எந்தத் தளத்துல, எந்தத் தேதியில? முதல் பதிலைப் படிங்க.

பொள்ளாச்சி: அம்மாவுக்கு நுரையீரல் கட்டி, இஜிஎஃப்ஆர் மரபணுத் திரிபு ரிப்போர்ட் அனுப்பறேன். எந்த மாத்திரைன்னு சொல்லுங்க.

அதை உங்க புற்றுநோய் மருத்துவர்தாங்க சொல்லணும். பாரஃபின் பிளாக்கை மட்டும் கேட்டு வாங்கி, வெயில் படாம வெச்சுக்குங்க. மறுபடி பரிசோதிக்கச் சொன்னா அதுதான் வேணும்.