பெஸ்டோ ஏன் கறுக்கிறது, ஏன் கசக்கிறது?

கேள்வி: மிக்ஸியில் பெஸ்டோ (பேசில் இலை, சீஸ், ஆலிவ் எண்ணெய் சேர்த்த இத்தாலியப் பச்சை மசியல்) அரைத்தேன். முதலில் நல்ல பச்சை. அரை மணி நேரத்தில் கறுத்துவிட்டது. கசப்பும் தட்டுகிறது. எங்கே தவறு?

பதில்: பேசில் (துளசி இனத்து வாசனை இலை) நசுங்கியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தைக் கெடுக்கிறது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பதும் இப்படித்தான். மிக்ஸி பிளேடு சூடேறினால் கறுப்பது இன்னும் வேகமாகும். கசப்பு பெரும்பாலும் எண்ணெயிலிருந்து வரும். எக்ஸ்ட்ரா வர்ஜின் (சூடோ ரசாயனமோ இல்லாமல் பிழிந்த) ஆலிவ் எண்ணெயை அதிவேகத்தில் அடித்தால், அதில் இயல்பாக உள்ள கசப்பு தூக்கலாகிவிடும். காரமும் கசப்பும் மிகுந்த எண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம். ஊற்றும் முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.

அளவு: காம்பு நீக்கிய இலை 50 கிராம், பைன் நட்ஸ் (பைன் மர விதை) 15 கிராம், பூண்டு ஒரு பல், கல் உப்பு இரண்டு சிட்டிகை, துருவிய பார்மசான் சீஸ் 30 கிராம், பெக்கோரினோ (செம்மறியாட்டுப் பால் சீஸ்) 10 கிராம், எண்ணெய் 80 மில்லி. இலையைக் கழுவி, துணியில் ஒற்றி ஈரமில்லாமல் எடுங்கள். ஜாரை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் பூண்டு, உப்பு, பைன் நட்ஸ். அடுத்து இலையும் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து, இரண்டு இரண்டு விநாடியாக விட்டுவிட்டு ஓட்டுங்கள். கொஞ்சம் கரகரப்பாக இருக்கும்போதே நிறுத்திக் கிண்ணத்துக்கு மாற்றி, சீஸையும் மீதி எண்ணெயையும் கரண்டியால் கலக்குங்கள். பெரும்பகுதி எண்ணெய் மிக்ஸியில் அடிபடாததால் கசப்பு அதிகம் ஏறாது.

பெஸ்டோ பிறந்த இத்தாலிய நகரமான ஜெனோவாவில் பளிங்கு உரலில் மர உலக்கையால் இடிப்பார்கள். இடிப்பது என்ற பொருளில்தான் அந்தப் பெயரே வந்தது. வீட்டில் சிறிய கல்லுரல் இருந்தால் அதையே எடுங்கள். மணம் மிக்ஸிக்கு ஒருபடி மேல்.

இலையைக் கொதிநீரில் 10 விநாடி போட்டு, ஐஸ் தண்ணீரில் முக்கிப் பிழிந்தால் பச்சை நிறம் நிற்கும். ஆனால் மணம் குறையும். அன்றே சாப்பிடுவதானால் அது தேவையில்லை.

கேள்வி: பாஸ்தாவில் கலந்தால் சீஸ் திரண்டு, எண்ணெய் தனியாகப் பிரிகிறதே?

பதில்: அடுப்பில் வைத்துக் கிளறியிருப்பீர்கள். பெஸ்டோவை அடுப்பில் ஏற்றவே கூடாது. 100 கிராம் பாஸ்தாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பெஸ்டோ போதும். பாஸ்தா வெந்த நீரில் அரை கப் எடுத்து வைத்துக்கொண்டு வடியுங்கள். அடுப்பை அணைத்த பின், அந்த நீரில் இரண்டு மூன்று கரண்டி விட்டுப் பெஸ்டோவைக் கலக்குங்கள். நீரில் இறங்கிய மாவுச்சத்து எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஜெனோவாக்காரர்கள் அதே பானையில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவிடுவார்கள். செய்து பாருங்கள், அருமையாக இருக்கும்.

கேள்வி: எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயில் பொரிக்கலாமா?

பதில்: பொரிக்கலாம். புகையத் தொடங்குவது கிட்டத்தட்ட 190 முதல் 210 டிகிரி செல்சியஸில். பொரிப்பதற்கு 175 போதும். ஆனால் அந்தச் சூட்டில் காசு கொடுத்து வாங்கிய மணம் போய்விடும். வதக்கச் சாதாரண ஆலிவ் எண்ணெய் போதும்; நல்லதைச் சூப், முட்டை, டோஸ்ட் மேல் கடைசியில் ஊற்றுங்கள்.

கேள்வி: மீந்த பெஸ்டோவை எப்படி வைப்பது?

பதில்: மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மூடியிருக்க, ஃப்ரிட்ஜில் நான்கு நாள். வெளியே வைக்காதீர்கள்: எண்ணெய்க்குள் காற்றுப்படாத பச்சைப் பூண்டில் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு உருவாகலாம். அதிக நாளுக்கு என்றால், சீஸ் சேர்க்காமல் ஐஸ் ட்ரேயில் உறையவைத்து, உருகிய பிறகு சீஸ் கலந்துகொள்ளுங்கள்.