மத்தியானம் இரண்டு மணிக்குச் சோதித்துப் பாருங்கள்

கேள்வி: காட்பாடியில் மொட்டை மாடி அறையில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். செகண்ட்ஹேண்டில் ஒரு பி450 மதர்போர்டு வாங்கி, ரைசன் 5 5600 பிராசசரும் 16 ஜிபி டிடிஆர்4 3200 ரேமும் போட்டிருக்கிறேன். ராத்திரியில் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் ரெண்டர் போட்டால் சில நாள் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இந்த போர்டு ஓவர்கிளாக் தாங்குமா?

பதில்: ஓவர்கிளாக்கை, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை, கொஞ்சம் தள்ளி வையுங்கள். ராத்திரி ஓடி மத்தியானம் விழுகிற மெஷின், கம்பெனி வைத்த வேகத்திலேயே இன்னும் நிலைக்கவில்லை என்று பொருள்.

பி450 சிப்செட்டில் ஓவர்கிளாக் செய்யலாம். ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. ஆனால் சிப்செட் அனுமதி மட்டும்தான் தருகிறது. தாங்கும் பலம் பிராசசரைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதியில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி) தரும் 12 வோல்ட்டை இது சுமார் 1.2 வோல்ட்டாக இறக்குகிறது. உங்கள் பிராசசருக்கு ஏஎம்டி வைத்த மின்சார வரம்பு 76 வாட். அதை 1.2 வோல்ட்டில் கொடுக்க 60 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். சாதாரண வீட்டு மெயின் லைனில்கூட அவ்வளவு ஓடுவதில்லை. அதனால்தான் அங்கே அவ்வளவு சூடு. பெட்டியில் போட்டிருக்கும் ஃபேஸ் (விஆர்எம்மில் சுமையைப் பங்கிடும் கிளை) எண்ணிக்கையை நம்பி வாங்காதீர்கள். ஒரே ஃபேஸுக்கு இரண்டு காயில் வைத்து, நான்கை எட்டு என்று கணக்குக் காட்டும் போர்டுகள் உண்டு.

பவரை எடுத்துவிட்டு, போர்டை வெளியே எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உப்பிய கெப்பாசிட்டரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். இப்போதைய போர்டுகளில் பெரும்பாலும் சாலிட் வகை என்பதால் அவை உப்புவது அபூர்வம். நான் போர்டைத் திருப்பித்தான் பார்ப்பேன். மாஸ்ஃபெட்டுக்கு (விஆர்எம்மில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் திறந்து மூடும் சிறு சிப்) நேர் பின்புறம் போர்டின் பச்சை அல்லது கறுப்பு நிறம் பழுப்பேறியிருந்தால், அந்த போர்டு நெடுநாள் வெந்திருக்கிறது. ஹீட்சிங்க்கைக் கழற்றினால் தெர்மல் பேடில் (சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் மெத்தை) மாஸ்ஃபெட்டின் அச்சு சதுரம் சதுரமாகப் பதிந்திருக்க வேண்டும். சத்துவாச்சாரியில் ஒரு டிசைன் கடையில் இதே மத்தியான ரீஸ்டார்ட்டுக்கு ரேம், எஸ்எம்பிஎஸ் எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கழற்றினால் ஆறு மாஸ்ஃபெட்டில் இரண்டின் மேல் பேடே படவில்லை. புதுப் பேடு போட்டதும் சரியானது.

அப்புறம் பயாஸைப் புதுப்பித்து, டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரேமை 3200 வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியும் வேண்டாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் ரேமையோ ஸ்லாட்டையோ மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

இனி முக்கியமான சோதனை. பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95-இல் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை ஒரு மணி நேரம் ஓட வேண்டும், அதுவும் மத்தியானம் இரண்டு மணிக்கு, கேபினட் மூடியபடி, ஏசி இல்லாமல். வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மொட்டை மாடி அறை இன்னும் கொதிக்கும். ராத்திரியைவிட அறை 10 டிகிரி கூடினால் விஆர்எம்மும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரில் விஆர்எம் சூடு 90-க்குள் நின்றால் நிம்மதி. 105-ஐத் தாண்டினால் அந்த போர்டில் நான் ஓவர்கிளாக் செய்ய மாட்டேன். சில போர்டுகளில் இந்த சென்சாரே இருக்காது. அப்போது மல்டிமீட்டரின் வெப்ப புரோபை ஹீட்சிங்க்கில் ஒட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் அதைவிடச் சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நீலத்திரை எதுவும் வராமல் பொட்டென்று அணைந்தால் கரண்ட் பக்கமும் சந்தேகம் வர வேண்டும். மத்தியானம் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கலாம். யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் அந்தக் கணத்தில் பழைய எஸ்எம்பிஎஸ் தடுமாறும். யூபிஎஸ் வைத்திருந்தால், ஒரு நாள் அதைத் தவிர்த்து நேரே சுவரில் செருகிப் பாருங்கள். லோடில் 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகவே கூடாது. மல்டிமீட்டரில் அளந்தால்தான் நம்பலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வரும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும் சொல்லும். காரணத்தை அது சொல்லாது.

இதெல்லாம் தேறிய பிறகு எக்ஸ்எம்பியைப் போட்டு, மெம்டெஸ்ட்டை மறுபடி ஓட்டுங்கள். எல்லாக் கோருக்கும் ஒரே வேகம் வைத்து வோல்டேஜ் ஏற்றும் பழைய முறையை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ரெண்டரில் கிடைக்கும் லாபம் சொற்பம், சூடு எக்கச்சக்கம். பயாஸில் பிபிஓ (ஏஎம்டியின் வேகம் கூட்டும் அமைப்பு) பகுதிக்குள், வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் இருந்தால், எல்லாக் கோருக்கும் மைனஸ் 10-இல் தொடங்குங்கள். வோல்டேஜ் குறைந்து சூடும் குறையும், வேகம் தானாகக் கொஞ்சம் ஏறும். இதில் ஒரு சூட்சுமம்: மைனஸ் அதிகமானால் பிரைம்95 தாண்டிவிடும், ஆனால் சும்மா பிரௌசர் திறந்து வைத்திருக்கும்போது விழும். அதனால் ஒரு வாரம் அன்றாட வேலையிலேயே விட்டுப் பாருங்கள். ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ லாகர் 18 அல்லது 19 (ஹார்ட்வேர் பிழைப் பதிவு) வந்தால், அதில் காட்டும் கோரை மட்டும் மைனஸ் 5-க்குத் திருப்பிவிட்டு இன்னொரு வாரம் ஓட்டுங்கள்.