மட்டக்களப்பில் மார்வாரிக் குதிரை இனம் பெருகுமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் காணி இருக்கிறது, ஒரு ஆணும் இரண்டு பெட்டையுமாக மார்வாரிக் குதிரைகளை இறக்கி இனத்தைப் பெருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்க்கலாம். இனமாக நிலைநிறுத்துவது வேறு கதை.

பெட்டை சினைப்பட்டால் கிட்டத்தட்ட 11 மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. அது தாயாகும் வயதுக்கு வர இன்னும் 3 வருடம். ஆடு, மாட்டுக் கணக்கு இங்கே சரிவராது. அதற்குள் உங்கள் பட்டியில் பிறந்ததெல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள். அடுத்து அண்ணன் தங்கையைத்தான் சேர்க்க வேண்டி வரும். சினை தங்காமல் போவது, மறைந்திருந்த குறைகள் வெளியே வருவது எல்லாம் அங்கேதான் தொடங்கும். உறவில்லாத ஆண்குதிரைகளின் உறைவிந்து (உறையவைத்துச் சேமித்த விந்து) கிடைத்தால் தப்பலாம். இங்குள்ள கலப்புப் பெட்டைகளைத் தூய ஆணோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் குட்டியில் மார்வாரி இரத்தத்தின் பங்கு 1/2, 3/4, 7/8, பிறகு 15/16 என்று ஏறும். அந்த 15/16 குட்டி பிறக்கவே குறைந்தது 13 வருடம் ஓடிவிடும்!

அப்புறம் நம்ம மாரி மழைக்காலம். காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் இந்தக் குதிரை ராஜஸ்தானின் வறண்ட மண்ணுக்குரியது. நாள்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பின் அடியிலுள்ள முக்கோண மென்பகுதி அழுகும். சுரண்டினால் கறுத்த பசையும் மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றமும் வரும். மேட்டு நிலமும் மணல் தரையும் கட்டாயம். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிட்டவும் வைக்காதீர்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றுவலியே கொன்றுவிடும்.

இந்தியா இந்த இனத்தை இலகுவில் வெளியே விடுவதில்லை. இங்கும் இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல் எல்லாம் உண்டு. அதை விசாரித்துவிட்டுக் கொட்டில் கட்டுங்கள்.