ஃபைபர் வள்ளமும் மைக்ரோவேவ் சோதனையும்: கேள்வி பதில்

பாம்பன்: அண்ணே, ஆறு வருஷ ஃபைபர் வள்ளம். முன்னைவிடக் கனக்குது, கரையேத்த ஆள் கூடத் தேவைப்படுது. வெட்டாம உள்ள தண்ணி ஊறியிருக்கான்னு பார்க்க முடியுமா?

முடியும் தம்பி. மைக்ரோவேவ் அலையை வள்ளத்தின் மேல் விட்டு, திரும்பி வருவதை மீட்டரில் பார்க்க வேண்டும். ஒரு பொருள் அலையை எவ்வளவு பாதிக்கும் என்பதைச் சொல்லும் எண் மின்கடவாப் பொருள் மாறிலி. காய்ந்த ஃபைபருக்கு அது 4, 5தான். தண்ணீருக்கு 10 கிகாஹெர்ட்ஸில்கூட 60ஐ ஒட்டி இருக்கும். அதனால் சிறிது ஈரம் ஊறினாலே, திரும்பி வரும் அலையின் அளவும் ஃபேஸும் (அலையின் ஏற்ற இறக்க நிலை) நகர்ந்துவிடும்.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புப் படலம் காற்றின் ஈரத்தை இழுக்கும். மீட்டர் அதைத்தான் காட்டும். உள்ளே தேங்கியதை இறைத்துத் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். அலையை அனுப்பி வாங்கும் உலோகக் குழாய்க்கு அலைக்குழாய் என்று பெயர். எக்ஸ்-பேண்ட் (10 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை) அலைக்குழாயின் வாய் 22.86 × 10.16 மி.மீ. அதில் 2 மி.மீ. டெஃப்லான் தகடு ஒட்டுங்கள். வாய்க்கும் வள்ளத்துக்கும் நடுவே இடைவெளி மாறாமல் இருக்கத்தான் அது. அரை மில்லி மாறினாலும் ரீடிங் ஓடிவிடும். சாக்பீஸால் 5 செ.மீ. கட்டம் போட்டு, நீர்க்கோட்டுக்கு மேலே காய்ந்த ஓரிடத்தோடு மற்றதை ஒப்பிடுங்கள். அந்த இடமும் அதே தடிமனாக இருக்க வேண்டும். ஃபைபருக்குள் அலைநீளம் 15 மி.மீ. அளவுக்குச் சுருங்குவதால், தடிமன் 2 மி.மீ. கூடினாலே ஈரம் மாதிரித் தெரியும்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையை விடாதீர்கள். உள்ளே பிளைவுட் இருந்தால், போல்ட் ஓட்டை வழியாக முதலில் ஊறுவது அங்கேதான்.

ஏர்வாடி: வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைப் பிரிச்சு இதுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. அது பல நூறு வாட். சோதனைக்கு 10 மில்லிவாட் போதும். வெளியே விட்டால் கண் போய்விடும். ஒயரைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கலாம்.

வாலிநோக்கம்: உப்பளத்துல குவிச்சு வச்ச உப்பின் ஈரத்தை இதில் அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் அதிர்வெண்ணைக் குறைக்காதீர்கள். உப்புநீரின் மின்கடத்தலால் வரும் இழப்பு 1 கிகாஹெர்ட்ஸில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் 10 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். குறைந்த அதிர்வெண்ணில் நீங்கள் ஈரத்தைவிட உப்பைத்தான் அளப்பீர்கள். அலை எவ்வளவு குறைகிறது, ஃபேஸ் எவ்வளவு நகர்கிறது, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குவியலின் அடர்த்தி வேறுபாடு பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

மண்டபம்: பாலத்து இரும்புத் தகட்டின் தடிமன்?

இரும்புக்குள் மைக்ரோவேவ் போகாது. ஒலி அலையால் தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் ஆளிடம் கேளுங்கள்.

தேவிபட்டினம்: பழைய மைக்ரோவேவ் அடுப்பு ஒண்ணு கிடக்கு...

மேலே ஏர்வாடிக்குச் சொன்னதுதான். பிரிக்காதீர்கள்.

தொண்டி: எங்க ஓடாவி (வள்ளம் கட்டுற ஆசாரி) சுத்தியலால தட்டியே சொல்லிடுறார். இதுக்கு எதுக்கு மிஷின்?

அவர் தட்டுவது சரியான முறை. ஃபைபர் அடுக்கு பிரிந்து காற்று புகுந்த இடம் மொத்தென்று கேட்கும். ஆனால் பிரிந்த இடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டாலோ, பிரியாமல் ஊறியிருந்தாலோ சத்தம் கெட்டியாகவே வரலாம். அங்கே சுத்தியல் ஏமாறும்.

தொண்டி: மிஷின் காட்டுன இடத்துல ஓட்டை போட்டோம், காய்ஞ்சுதான் கிடந்துச்சு!

எந்த இடம்?

தொண்டி: பின்பலகை, போல்ட் பக்கம்.

போல்ட் உலோகம். அலையை அப்படியே திருப்பி அடிக்கும். போல்ட்டிலிருந்து ஒரு கட்டமாவது தள்ளி அளந்திருக்க வேண்டும். கடல்தண்ணீரைத் துடைத்துவிட்டு அளந்தீர்களா, கழுவிவிட்டா?

தொண்டி: துடைச்சிட்டு.

கழுவ வேண்டும், நல்ல தண்ணீரில்.

கீழக்கரை: அப்ப ஓடாவி ஜெயிச்சார்!

இல்லை. உலர்ந்த மெல்லிய இடைவெளியை மைக்ரோவேவ் விட்டுவிடலாம், அதைச் சுத்தியல் பிடிக்கும். ஊறிய ஈரத்தைச் சுத்தியல் விட்டுவிடும். இரண்டையும் ஒரே கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தொண்டி: ரெண்டும் வேற வேற சொன்னா?

மிக மோசமான கட்டத்திலும் மிக நல்ல கட்டத்திலும் 3 மி.மீ. துளை போடுங்கள், முழுக்கத் துளைக்காமல். ஊறிய இடத்தில் பிசுபிசுப்பான திரவம் கசிந்து, காடி மாதிரிப் புளிப்பு வாடை வரும். அது பாலியஸ்டர் சிதையும் வாடை. துளையிடும்போது வந்த தூளை எடைபோட்டு, 50 டிகிரியில் எடை நிலைக்கும்வரை உலர்த்தி, மறுபடி எடை பாருங்கள். அந்தக் குறைவை வைத்து மீட்டரைத் திருத்திக்கொண்டு, துளையைக் காய்ந்த பிறகு எப்பாக்ஸியால் அடைத்துவிடுங்கள்.