நீராவி சிகிச்சை: எரிச்சல் எப்போது தீரும்?

கேள்வி: எனக்கு வயது 66. புராஸ்டேட் வீக்கத்துக்கு அறுவை வேண்டாம் என்று நீராவி சிகிச்சை செய்துகொண்டேன். சிறுநீர் வடியப் போட்டிருந்த குழாயை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். பத்து நாளாகியும் சிறுநீர் எரிச்சல் நிற்கவில்லை. முன்பைவிட அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. சிகிச்சை பலிக்கவில்லையா, டாக்டர்?

பதில்: அதற்குள் முடிவு கட்டாதீர்கள். இதில் சதையை வெட்டி எடுப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியைச் செலுத்தி, புராஸ்டேட்டுக்குள் ஊசி குத்தி, ஒவ்வோர் இடத்திலும் 9 விநாடி நீராவி பாய்ச்சுகிறார்கள். ஒரு தடவைக்கு அரை மில்லி தண்ணீர்கூடச் செலவாகாது. ஆவி திசு இடுக்குகளில் பரவிக் குளிர்ந்து நீராகும்போது வெளிவிடும் சூட்டில் செல்கள் செத்துப்போகும். ஆனால் செத்த சதை உடனே மறையாது, முதலில் வீங்கும். ஏற்கெனவே குறுகலான பாதை இன்னும் நெருங்கும். குழாய் போட்டு அனுப்புவதே அதனால்தான். பிறகு உடம்பே அந்தச் சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். பலருக்கு 2 முதல் 4 வாரத்தில் மாற்றம் தெரியும். முழுப் பலனுக்கு 3 மாதம் ஆகலாம். 'அரை மணி நேர வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம்' என்பதோடு இதையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சிறுநீர் தடையில்லாமல் போகக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணீரைப் பகலில் பிரித்துக் குடியுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். காபி, டீ, மதுவைக் குறையுங்கள். மலச்சிக்கல் வந்து முக்கினால் ரத்தம் கசியும். சிறுநீரோ விந்தோ லேசாகச் சிவந்தால் பயம் வேண்டாம். குளிர்காய்ச்சல், ரத்தக்கட்டி, அடிவயிறு உப்பியும் ஒரு சொட்டும் வராத நிலை, இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எரிச்சல் தணியாமல் ஏறிக்கொண்டே போனால் சிறுநீர் கல்ச்சர், அதாவது கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டால் அந்தப் பரிசோதனையே குழம்பிவிடும்.

கேள்வி: மைக்ரோவேவ் சூடு சிகிச்சையும் இதுவும் ஒன்றுதானா? என் அண்ணனுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது.

பதில்: ஒன்றல்ல. மைக்ரோவேவில் கதீட்டர் எனும் சிறுநீர்ப் பாதைக் குழாய்க்குள் இருக்கும் ஆன்டெனா ஒரு மணி நேரம்போலச் சூடேற்றும். சிறுநீர்ப் பாதை வெந்துவிடாமல் குளிர்நீர் ஓடிக்கொண்டிருக்கும். பேஸ்மேக்கரோ இடுப்பில் உலோகமோ இருந்தால் பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள். நீராவி முறையில் ஆவி கருவிக்குள்ளேயே உண்டாகிறது. ஆனாலும் பேஸ்மேக்கரையும், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு முறையிலும் பரிசோதனைக்குச் சதை கிடைக்காது என்பதால், புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை உள்ளிட்ட சோதனைகளை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.