நான்கு நாள் கோயம்புத்தூர்: ஒரு நாளுக்கு ஒரு ரோடு

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து அப்பா, அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகளோடு நான்கு நாள் கோயம்புத்தூர் வருகிறோம். மருதமலை, ஈஷா, கோவைக் குற்றாலம், பேரூர், ஊட்டி, வால்பாறை, திருப்பூரில் துணி எடுப்பது என்று பட்டியல் போட்டிருக்கிறோம். எங்கே தங்கலாம்? எதையாவது விட வேண்டுமா?

விட வேண்டும். முதலில் வால்பாறையை அடித்துவிடுங்கள். பொள்ளாச்சி, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. அழகுதான், ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புவது என்றால் பெரியவர்களுக்கு இடுப்பு போய்விடும், பிள்ளைகளுக்கு வயிறு போய்விடும். அங்கே ஓர் இரவு தங்க முடிகிறபோது தனியாக வாருங்கள்.

நான் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றுலாத் தொழிலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மனைவி வழியில் சொந்தபந்தம் நிறைய. பள்ளி லீவு விட்டால் வீட்டுக்கு ஒரம்பரை வராத வாரம் இல்லை. (ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் உறவுக்காரர், விருந்தாளி.) அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்து அலைந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒரு நாளுக்கு ஒரு ரோடு.

எங்கள் ஊரில் யாரிடமாவது வீடு எங்கே என்று கேட்டால் ரோட்டின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, பொள்ளாச்சி ரோடு, பாலக்காடு ரோடு, சிறுவாணி ரோடு, மருதமலை ரோடு. குடைக்கம்பி மாதிரி நடுவிலிருந்து எட்டுப் பக்கமும் போகின்றன. ஒரே கம்பியில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தாவ வேண்டுமென்றால் மறுபடி ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றுதான் ஆக வேண்டும். காலையில் ஊட்டி, மாலையில் ஈஷா என்று திட்டம் போடுகிறவர்கள் பாதி நாளை உக்கடத்திலும் காந்திபுரத்திலும் கழிப்பது இதனால்தான்.

பஸ் ஸ்டாண்டும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மதுரை, திருச்சி, தஞ்சாவூர் பஸ்கள் சிங்காநல்லூரோடு சரி. பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டி, மேட்டுப்பாளையம் என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் தனி ஸ்டாண்ட். ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் போகிற பஸ்களுக்கும் பெரும்பாலான டவுன் பஸ்களுக்கும் காந்திபுரம். ஆக, நீங்கள் பஸ்ஸில் வந்தால் இறங்குவது சிங்காநல்லூர். அங்கிருந்து ஊருக்குள் வர டவுன் பஸ் பிடிக்க வேண்டும்.

என் சகலை ஒரு முறை மதுரையிலிருந்து வந்தார். நான் வண்டியோடு காந்திபுரத்தில் நிற்கிறேன். விடியற்காலை மூன்றரைக்குப் போன் அடிக்கிறார்: "பஸ் ஸ்டாண்டு வாசல்ல, டீக்கடை பக்கத்துல நிக்கேன்." நானும் வாசலில் டீக்கடை பக்கத்தில்தான் நிற்கிறேன். "பச்சைச் சட்டை போட்டிருக்கேன்" என்கிறார். நான் பச்சைச் சட்டையாகத் தேடித் தேடி, தெரியாத ஒருவர் தோளைக்கூடத் தட்டிவிட்டேன். இருபது நிமிடம் கழித்துத்தான் அவர் சிங்காநல்லூரில் நிற்கிறார் என்பது இரண்டு பேருக்கும் உறைத்தது. இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் அவர் பெயர் பச்சைச் சட்டை.

ரயில் என்றால் உங்களுக்கு மயிலாடுதுறை ஜன் சதாப்தி இருக்கிறது. தஞ்சாவூரில் ஏறினால் நேராகக் கோயம்புத்தூர் ஜங்ஷன், வந்து சேர ராத்திரி ஆகும். வேறு ரயிலில் டிக்கெட் போட்டால் அது ஜங்ஷனுக்கு வருகிறதா, போத்தனூரோடு கேரளாவுக்குத் திரும்பிவிடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போத்தனூரில் நள்ளிரவில் இறங்கிப் பெட்டியோடு நிற்பது சுகமில்லை.

தங்குவதற்கு விமான நிலையப் பக்கம் புதிய ஓட்டல்கள் பளிச்சென்று இருக்கும், படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஊருக்குக் கிழக்கே. பேரூர், ஈஷா, குற்றாலம், மருதமலை எல்லாம் மேற்கே. உங்களுக்கு ஆர்.எஸ்.புரம் சரியாக இருக்கும். ராத்திரி அப்பாவுக்கு நடக்க நல்ல தெரு, சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம். வாடகை அதிகம் என்று தோன்றினால் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள். காந்திபுரம் சத்தம் பழகியவர்களுக்குத்தான்.

ஒரு நாளைச் சிறுவாணி ரோட்டுக்குக் கொடுங்கள். காலையிலேயே பேரூர். மதியம் நடை சாத்திவிடுவார்கள். பெரிய கோயிலைத் தினமும் பார்க்கிற உங்கள் கண்ணுக்கு அளவில் இது ஒன்றுமே இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் கனகசபை மண்டபத்துக்குப் போய்ச் சாவகாசமாக நில்லுங்கள். நாயக்கர் காலத்து வேலை. யானைத்தோலை விரித்துப் போர்த்திக்கொண்டு நிற்கிற சிவன், வீரபத்திரர், காளி என்று தூணுக்கு ஒருவர், ஆளை மிஞ்சிய உயரத்தில். அப்புறம் அண்ணாந்து பாருங்கள். விதானத்திலிருந்து கல் சங்கிலி தொங்கும். வளையத்துக்குள் வளையம், ஒட்டுப் போடாமல் ஒரே கல்லில் குடைந்தது. நான் இரும்பைக் கடைகிறவன். ஒரு நூல் எச்சாக, அதாவது அதிகமாகப் போய்விட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். அந்தச் சிற்பிக்கு அடுத்த துண்டு கிடையாது. ஒவ்வொரு முறையும் எனக்கு அங்கே கழுத்து வலிக்கிற வரை நேரம் போய்விடும்.

உங்கள் அப்பா விவசாயி என்றால் இன்னொரு கதை சொல்லுங்கள். சுந்தரர் வருகிறார் என்று தெரிந்து பட்டீசுவரரும் பச்சைநாயகியும் உழவன் உழத்தியாகச் சேற்றில் இறங்கி நாற்று நட்டார்களாம். ஆனியில் அதை நாற்று நடவு விழாவாகவே நடத்துகிறார்கள். டெல்டாக்காரர்களுக்கு இந்தச் சாமியைப் பிடிக்காமல் போகாது.

அதே ரோட்டில் ஆலாந்துறை தாண்டி இருட்டுப்பள்ளம் வரும். அங்கே வலதுபக்கம் திரும்பினால் ஈஷா, பூண்டி. நேரே போனால் சாடிவயல், கோவைக் குற்றாலம். குற்றாலம் வனத்துறை கையில் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் வெள்ளம் என்று மூடுவார்கள், யானை வந்தாலும் மூடுவார்கள், கோடையில் பாறையில் ஈரம் மட்டும்தான் இருக்கும். திறந்திருக்கிறதா என்று முதல் நாள் சாயங்காலமே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திறந்திருந்தால் குற்றாலம் முதலில், ஈஷா பிறகு. 112 அடி ஆதியோகியை வெயில் இறங்கிய பிறகு பார்ப்பதுதான் நல்லது. பின்னால் மேகம் மலையில் உரசிக்கொண்டு போகும். சிலையைவிட அந்த மலையைத்தான் நான் பார்ப்பேன். பூண்டியில் ஏழு மலை ஏறுகிற கூட்டத்தைப் பார்த்து அப்பாவுக்கு ஆசை வந்தால் தடுத்துவிடுங்கள். வெள்ளியங்கிரி இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும் மலை, இதய நோய் உள்ளவர்கள் ஏறவே கூடாது.

இரண்டாம் நாள் மருதமலை ரோடு. காலையில் வனக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் காஸ் அருங்காட்சியகம், 1902இல் தொடங்கியது. பாடம் பண்ணி நிறுத்தியிருக்கும் காட்டுமாட்டைப் பார்த்து என் பெண் சிறு வயதில் என் காலைக் கட்டிக்கொண்டாள். அரசு விடுமுறை நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பாதையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா, பிள்ளைகள் ஓட நல்ல இடம். மூன்று மணிக்கு மேல் மருதமலை. காந்திபுரத்திலிருந்து 70ஆம் நம்பர் பஸ் அடிவாரம் வரை போகும். பெரியவர்களுக்குப் படி வேண்டாம், அடிவாரத்திலிருந்து கோயில் பஸ் உண்டு. கிருத்திகை, செவ்வாய், ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள், அந்தப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு.

டவுன் பஸ் என்றதும் ஒன்று. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, வெளியூர்ப் பெண்களுக்கும்தான். ஆட்டோ என்றால் ஏறும் முன் பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆப்பில் கூப்பிடுங்கள். இறங்கும்போது பேசினால் சண்டையில்தான் முடியும்.

ஊட்டி. ஒரே நாளில் போய்வர முடியும், நாங்களும் போயிருக்கிறோம், பஸ் ஜன்னலைத்தான் பார்த்தோம். ஊட்டியை வைத்துக்கொள்வதென்றால் மலை ரயிலுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும், ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரம் பிடிக்கும். இருப்பது 46 கிலோமீட்டர்தான். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல்வரிசை ஆரம்பிக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். குன்னூர் வரை இந்தப் பாதை வந்தது 1899இல். பல்சக்கரம் வெட்டிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், அந்தக் கடகட சத்தத்துக்கே காசு சரியாகிவிடும். ஆனால் டிக்கெட் மிக முன்னதாகவே தீர்ந்துவிடும். கிடைத்தால் ரயிலில் ஏறி, ராத்திரி குன்னூரிலோ ஊட்டியிலோ தங்கி, மறுநாள் பஸ்ஸில் இறங்குங்கள். கிடைக்காவிட்டால் இந்த முறை ஊட்டியை விட்டுவிடுங்கள். வாடகைக் காரில் போனால் நீலகிரிக்குள் நுழைய டிரைவர் இ-பாஸ் எடுத்தாரா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஊட்டி இல்லாவிட்டால் மிஞ்சும் நாளை அவிநாசி ரோட்டுக்கும் டவுனுக்கும் கொடுக்கலாம். அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகமும் பழைய கார்களின் அருங்காட்சியகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் அவர் முயற்சியில் இங்கேதான் உருவானது. ஊரில் சந்துக்கு ஒரு பம்ப்செட் பட்டறை இருப்பதற்கு அங்கே போனால் காரணம் புரியும். டாக்ஸிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மேலே போக வேண்டாம், கீழேயே போங்கள் என்று. 2025இல் திறந்த மேம்பாலம் பத்து கிலோமீட்டர் நீளம், பெயரும் ஜி.டி. நாயுடு பெயர்தான். அதில் ஏறிவிட்டால் அவருடைய அருங்காட்சியகத்தை மேலே இருந்தபடியே தாண்டிப் போய்விடுவீர்கள்.

சாப்பாடு. அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், போய்ச் சாப்பிடுங்கள். ஆனால் ஊரின் சொந்தச் சாப்பாடு அரிசியும் பருப்பும் சாதம். வீட்டில் "அரிசிம்பருப்பு" என்போம். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு போட்டு அரிசியோடு ஒரே குக்கரில் குழைய வைத்து, இறக்கியதும் நெய். தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும் போதும். ஊரிலிருந்து களைத்து வந்த ராத்திரி எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) கண்ணை மூடிக்கொண்டு செய்வது இதைத்தான். பல ஓட்டல்களில் இருக்காது, கொங்குச் சாப்பாடு என்று போர்டு போட்ட மெஸ்களில் கேட்டுப் பாருங்கள். சந்தகையும் (எங்கள் பக்கத்து இடியாப்பம்) கொள்ளு ரசமும் அங்கேயே கிடைக்கலாம். கறி சாப்பிடுவீர்கள் என்றால் பள்ளிபாளையம் சிக்கன். வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் சின்ன வெங்காயமும்தான், மசாலாப் பொடி வாடையே இருக்கக்கூடாது.

சாயங்காலம் தள்ளுவண்டியில் "காளான்" கேளுங்கள். பெரிய தட்டைக் கல்லில் செக்கச்செவேல் என்று கொதித்துக்கொண்டிருக்கும். கரண்டியால் கொத்திக் கொத்தி, மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி தூவித் தருவார்கள். பெயர்தான் காளான், உள்ளே பாதிக்கு மேல் முட்டைக்கோஸ். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தண்ணீர் பற்றியும் கேட்பீர்கள். சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எங்கள் ஊர்க்காரர் சத்தியம் செய்வார். முதலாவது எது என்றால் ஆளுக்கொரு பதில் வரும். ருசியானதுதான், ஆனால் ஊரின் பல பகுதிகளில் குழாயில் வருவது பில்லூர் அணைத் தண்ணீர்.

திருப்பூருக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷன் பக்கத்திலேயே காதர்பேட்டை. பனியன், டிசர்ட், பிள்ளைகள் துணி மலிவு. தையல், அளவு, கறை எல்லாம் கடையிலேயே விரித்துப் பாருங்கள், திருப்பித் தர முடியாது. பட்டுப்புடவைக்கு அங்கே போகாதீர்கள், அதற்கு ஊருக்குள் ஒப்பணக்காரத் தெருவும் கிராஸ்கட் ரோடும் இருக்கின்றன. அம்மாவுக்குக் கோவை கோரா காட்டன் எடுங்கள், வெயிலுக்கு இதமாக இருக்கும். கிரைண்டர் வாங்கினால் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், லாரி பார்சலில் போட்டுவிடச் சொல்லலாம்.

கடைக்காரர் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு "பொழுதோட வாங்க" என்றால், சீக்கிரம் வரச் சொல்கிறார் என்று காலையில் போய் நிற்காதீர்கள். எங்கள் ஊரில் அதற்குச் சாயங்காலம் என்று அர்த்தம். என் சகலை ஒரு பிளவுஸ் வாங்க விடிந்ததும் போய்ப் பூட்டிய டெய்லர் கடை முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் பச்சைச் சட்டைதான்.