பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் முதல் சீட்டு எதை இறக்குவது என்று எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

நான்காவது சீட்டை இறக்கு, பார்ட்னர் ஏலத்தில் பேசிய சூட்டை (சீட்டு இனத்தை) இறக்கு என்று எல்லாம் மனப்பாடம் செய்தும் உங்கள் லீட் (முதலில் இறக்கும் சீட்டு) பாதி நேரம் எதிராளிக்கே உதவுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வெகுநாள் இதே வியாதி இருந்தது. ஊரில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன் நான். அதில் ஜாக்கி கையில் இருந்தால் யோசிக்காமல் இறங்கலாம். அந்தப் பழக்கத்தில் பிரிட்ஜிலும் என் கையை மட்டுமே வெறித்துக்கொண்டிருந்தேன்.

மும்பை மாட்டுங்காவில் எங்கள் சொசைட்டி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை நாலு மேசை போட்டு டூப்ளிகேட் ஆடுவோம். அதாவது, ஒரே போர்டை (ஒரே மாதிரி பங்கிட்ட சீட்டுகளை) எல்லா மேசையும் ஆடும். யார் சொதப்பினார்கள் என்பதை மறைக்க வழியே கிடையாது. என் பார்ட்னர் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் மாமா.

ஒருநாள் என் வலப்பக்கத்தவர் ஏலத்தை 1 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஏழு பிடி) என்று ஆரம்பித்தார். அவர்கள் முறையில் அது 15 முதல் 17 பாயின்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1). அவருக்கு எதிரே இருந்த ஜோடி ஒரு நொடிகூட யோசிக்காமல் 3 நோ ட்ரம்ப், அதாவது ஒன்பது பிடி. எல்லாரும் பாஸ். லீட் என்னுடையது. என் கை: ஸ்பேடில் ஜாக், 10, ஹார்ட்டில் 8, 6, 4, டைமண்டில் 9, 7, 5, 3, 2, கிளப்பில் 10, 8, 5. நீளமான சூட்டில் மேலிருந்து நான்காவது என்ற பாடப்படி டைமண்ட் 3 இறக்கினேன்.

டிக்ளேரர் (ஏலம் எடுத்து ஆடுபவர்) கையில் டைமண்ட் ஏஸ், கிங், ஜாக். டம்மியில் (மேசையில் விரித்து வைத்த அவர் ஜோடியின் கையில்) குயின், 10. கேட்கவே வேண்டாம். மாமா கையில் ஸ்பேட் ஏஸ், குயின், 9, 5, 4, கூடவே ஹார்ட் ஏஸ், கிளப் கிங். டிக்ளேரரிடம் ஸ்பேட் கிங் மூன்று சீட்டோடு. கிளப் கிங்கில் மாமா உள்ளே வந்தபோது காலம் கடந்துவிட்டது. ஸ்பேடை அவரே தொட்டால் டிக்ளேரரின் கிங் பிடி எடுக்கும், தொடாவிட்டால் ஹார்ட்டில் பிடி வளரும். ஒன்பது பிடி எடுத்துவிட்டார்கள். பக்கத்து மேசையில் ஸ்பேட் ஜாக் இறங்கி, கான்ட்ராக்ட் (ஏலத்தில் ஒப்புக்கொண்ட பிடிக் கணக்கு) இரண்டு பிடி குறைந்து டவுன்.

ஆட்டம் முடிந்து டீ வந்ததும் மாமா ஆரம்பித்தார்.

"உன் கையில எத்தனை பாயின்ட்?"

"ஒண்ணு மாமா."

"அவா ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து?"

"ஒரு இருபத்தஞ்சு, இருபத்தாறு."

"மொத்தம் நாப்பது. மிச்சம் பதிமூணு எங்கடா போச்சு? மாட்டுங்கா மார்க்கெட்டுக்கா? என்கிட்ட இருக்கு! அஞ்சாவது டைமண்டைப் பெரிசாக்கி, எந்தச் சீட்டை வெச்சிண்டு திரும்ப உள்ள வரப் போறே?"

இந்தக் கழித்தல் கணக்குத்தான் என் பதிலின் பாதி. லீட் இறக்கும் முன் எதிராளிகளின் பாயின்ட்டைக் கூட்டி, என்னுடையதைச் சேர்த்து, 40-ல் கழிப்பேன். பார்ட்னர் கை கனமா, என் கை கனமா என்று தெரிந்துவிடும். கனமான கையின் சூட்டைத்தான் வளர்க்க வேண்டும்.

மீதிப் பாதி, பேசாமல் விட்டதைக் கேட்பது. 3 நோ ட்ரம்ப் சொன்னவரிடம் நாலு ஸ்பேடோ நாலு ஹார்ட்டோ இருந்திருந்தால் முதலில் 2 கிளப் சொல்லி விசாரித்திருப்பார். விசாரிக்கவில்லை. அப்படியென்றால் டம்மியில் அந்த இரண்டு சூட்டும் நீளமாக இருக்காது, பார்ட்னரிடம் இருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்ஜ் லீட்களைப் பற்றி எழுதிய டேவிட் பேர்ட், டாஃப் ஆந்தியாஸ் இருவரும் ஆயிரக்கணக்கான கைகளைக் கணினியில் ஆடவைத்துப் பார்த்ததிலும் கிட்டத்தட்ட இதுதான் வந்தது. இப்படிப்பட்ட பிட்டிங்கில் (ஏலத்தில்), பழைய பாடம் முகம் சுளிக்கும், இரண்டே சீட்டு உள்ள ஸ்பேட் அல்லது ஹார்ட்டிலிருந்து இறக்கும் லீட்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கின்றன.

அதற்காக நான்காவது சீட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அது பார்ட்னரோடு பேசும் பாஷை. அவர் 7 இறக்கினால் 11-ல் 7 போக 4. அந்த சூட்டில் 7-ஐவிடப் பெரிய சீட்டு மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து நான்குதான். டம்மியில் இரண்டு, என்னிடம் இரண்டு என்றால் டிக்ளேரரிடம் 7-ஐவிடப் பெரியது ஒன்றும் இல்லை. கையில் கிங், குயின், ஜாக் என்று வரிசையாக இருந்தால் மேல் சீட்டு; இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

துருப்பு உள்ள கான்ட்ராக்ட் வேறு ரகம். ஏஸ் இருக்கும் சூட்டில் சின்னச் சீட்டை இறக்காதீர்கள். டிக்ளேரரிடம் அந்த சூட்டில் ஒற்றைக் கிங் இருந்தால் அதற்கு ஒரு பிடி தானம், உங்கள் ஏஸையும் அடுத்த சுற்றில் வெட்டிவிடுவார். ஒற்றைச் சீட்டைப் பார்த்ததும் எல்லாருக்கும் கை பரபரக்கும். துருப்பில் ஏஸும் இரண்டு சின்னதும் இருந்து, மற்றபடி கை வறண்டிருந்தால் தாராளமாக இறக்குங்கள். துருப்பில் குயின், ஜாக், 10, 9 வைத்துக்கொண்டு எதை வெட்டப் போகிறீர்கள்? எப்படியும் வரவேண்டிய பிடியைத்தான் செலவழிப்பீர்கள்.

துருப்பையே முதலில் இறக்கும் இடமும் உண்டு. எதிராளி 1 ஸ்பேட், அவர் ஜோடி 1 நோ ட்ரம்ப், இவர் 2 ஹார்ட், ஜோடி பாஸ். உங்கள் கையில் ஸ்பேட் கிங், ஜாக், 10, 9. டம்மியில் ஸ்பேட் குறைச்சல், டிக்ளேரர் தன் ஸ்பேடுகளை அங்கே வெட்டித்தான் பிழைக்க வேண்டும். நீங்கள் ஹார்ட் இறக்க இறக்க அந்த வழி அடைபடும்.

6 நோ ட்ரம்ப் வந்தால் வீரம் வேண்டாம், எதையும் தானம் செய்யாத சாதுவான சீட்டு போதும். பார்ட்னர் சும்மா இருந்துவிட்டு, துருப்பு உள்ள ஸ்லாமுக்குத் (12 அல்லது 13 பிடிக் கான்ட்ராக்ட்டுக்குத்) திடீரென்று டபுள் (நீங்கள் தோற்பீர்கள் என்ற சவால்) சொன்னால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். தியோடர் லைட்னர் பெயரில் வழங்கும் அந்த டபுளுக்கு, வழக்கமான லீட் வேண்டாம், வேறு ஏதாவது இறக்கு என்று அர்த்தம். பெரும்பாலும் ஏதோ ஒரு சூட்டில் அவர் கை காலி.

இன்னொன்று, சீட்டைக் கவிழ்த்து வையுங்கள். போட்டி விதியே அதுதான். கவிழ்ந்திருக்கும்போது பார்ட்னர் எதிராளியின் பிட்டிங்கைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். லீட் உங்களுடையதே இல்லை என்றாலும் மானம் தப்பும். எனக்கு இரண்டு முறை தப்பியிருக்கிறது.

இவ்வளவும் பார்த்து இறக்கினாலும் அடி விழும். போன மாதம் மேலே சொன்ன அதே 1 ஸ்பேட், 2 ஹார்ட் பிட்டிங். அதேபோல ஸ்பேட் என் கையில். யோசித்து, நிதானமாக ஹார்ட் இறக்கினேன். மாமாவிடம் இருந்த ஹார்ட் குயின் அப்படியே மாட்டிக்கொண்டது. டிக்ளேரர் தானாக ஆடியிருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டார். "சரியான லீட்தான்டா" என்றார் மாமா. அந்த போர்டில் எங்களுக்கு விழுந்தது பூஜ்யம்.